நெஞ்சுக்குள் முடுக்கு

போன ஆனியில் என் நெஞ்சுக்குள் ஒரு முடுக்கு வைத்தார்கள். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்துக்கு எங்கள் பாளையங்கோட்டையில் முடுக்கு என்று பெயர். மற்ற ஊர்களில் இதயம் தடுமாறினால் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். என் ஆஸ்பத்திரிச் சீட்டில் அதைத் தமிழில் இதயமுடுக்கி என்று எழுதியிருந்ததால் முடுக்கையே வைத்துவிட்டார்கள்.

“மேலறை சொல்றது கீழறைக்குப் போய்ச் சேரல. பெரிய தெருவுல அடைப்பு. இனிமே முடுக்கு வழியா போகும்” என்றார் டாக்டர்.

செய்தியைக் கொண்டுபோகிறவர் சுடலைமுத்து. மேலறை ‘துடி’ என்றதும் முடுக்கு வழியாகப் போய்க் கீழறையில் சொல்லிவிட்டுத் திரும்புவார். முடுக்கில் ஒரே ஒரு வீடு. அதில் பேச்சியம்மாள் குடியிருக்கிறாள்.

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தூக்கினால் பேச்சியம்மாளின் கொடிக்கயிறு அறுந்துவிடும். வீட்டுக்கு வந்த வாரமே மேல்தட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுக்கக் கை தூக்கினேன். கயிறு தொய்ந்து, துவைத்துப் போட்ட சேலை சாக்கடையில் விழுந்தது.

“ஊறுகா இல்லாம எறங்காதோ, அண்ணாச்சி?” என்றாள் பேச்சியம்மாள்.

என் மனைவி பிரேமா எனக்காக மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். மத்தியானங்களில் நான் சுவர் மாதிரிப் படுத்திருப்பேன். பிரேமா என் மேல் சாய்ந்துகொண்டு அவளோடு பேசுவாள். பேச்சு பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

என் கவலை பூப்பந்து. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எங்கள் அணியில் இடது பின்பக்கம் என்னுடையது. நான் இடதுகை ஆட்டக்காரன். அணித்தலைவர் இஸ்ரவேல் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார்.

“என்னவே, படுத்தே கெடக்கீரு? ஆவணிப் போட்டிக்குள்ள வந்துரும். இல்லன்னா ஒம்ம எடத்த ஜெயசிங்குக்குக் குடுத்துருவேன். அவரும் இடதுகை. நெஞ்சுல ஒண்ணும் கெடையாது.”

மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். முதலில் தெருமுனை வரை, மெதுவாக. சுடலைமுத்துவின் செருப்புச் சத்தம் சீராகக் கேட்டது. அடுத்த வாரம் வேகத்தைக் கூட்டினேன். அவர் ஓட வேண்டியதாயிற்று. ஓடியவர் பேச்சியம்மாளின் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டார். அவளிடம் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“நடங்க, வேண்டாங்கல. நான் தண்ணி பிடிச்சு உள்ள வச்ச பெறவு நடங்க” என்றாள் பேச்சியம்மாள்.

அதன் பிறகு குழாயில் தண்ணீர் நின்றதும்தான் கிளம்புவேன்.

ஆவணி பிறந்ததும் டாக்டர் என் நெஞ்சில் ஒரு கருவியை வைத்துச் சுடலைமுத்துவிடம் தனியாகப் பேசினார். “கொடிக்கயிறு இறுகிடுச்சு, கையைத் தூக்கலாம். இவரும் ஓட்டம் பழகிட்டார். செருப்புதான் வழுக்குதாம்” என்று சொல்லி, மாத்திரைகளுக்குக் கீழே கான்வாஸ் ஷூ எழுதிக்கொடுத்தார்.

போட்டியன்று ஜெயசிங் மட்டையோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுமாராகத்தான் ஆடினேன். இரண்டு பக்கமும் சமமாகி, ஒரே ஒரு பாயிண்ட் மிச்சம் இருந்தபோது எதிரணிக்காரர் ஓங்கி அடித்தார். மஞ்சள் கம்பளிப் பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. கீழே விழவில்லை. முடுக்குக்குள் போய்விட்டது.

“உடம்புல பட்டாச்சு. பாயிண்ட் எங்களுக்கு” என்றார் எதிரணித் தலைவர்.

“உடம்புல எங்கவே பட்டுச்சு? முடுக்குலல்லா விழுந்திருக்கு” என்றார் இஸ்ரவேல்.

நடுவர் சற்று யோசித்துவிட்டு, பந்து தரையில் விழும்வரை ஆட்டம் உண்டு என்றார். எல்லோரும் மட்டையைத் தூக்கியபடி நின்றோம்.

“யாரு பந்து இது?” என்று உள்ளேயிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது.

“எங்க பந்துதான், யக்கா. கொஞ்சம் எடுத்துப் போடுங்க” என்றார் இஸ்ரவேல்.

“வத்தல் காயப் போட்டிருக்கேன், கண்ணு தெரியலயா? தர முடியாது.”

ஜெயசிங் மட்டையைக் கை மாற்றிக்கொண்டார். பிரேமா ஓடி வந்து என் மேல் சாய்ந்தாள்.

“மதினி, இந்த ஒரு தடவ. இவுக எடம் போயிரும்.”

உள்ளே வத்தலை ஒதுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, “ஏ சுடலமுத்து, இந்தா மொறம். அந்தச் சனியன வெளிய தட்டிவிடு” என்று கேட்டது.

பந்து என் நெஞ்சிலிருந்து கிளம்பி, வலையை உரசாமல் தாண்டி, எதிரணியின் மூலையில் கோட்டுக்குள் விழுந்தது. அப்படி ஓர் அடியை நான் என் ஆயுளில் அடித்ததில்லை.

இஸ்ரவேல் என்னிடம் வந்து என் நெஞ்சைப் பார்த்துக் கேட்டார். “நீரு இடதுகையா?”

“ஆமா, அண்ணாச்சி” என்றார் சுடலைமுத்து.

இடது பின்பக்கம் இப்போது அவருடையது. ஜெயசிங் வேறு அணிக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் சுடலைமுத்துவைக் கொண்டுபோய் அவருடைய இடத்தில் நிற்கிறேன். அவர் ஆடும்போது செய்தியைப் பேச்சியம்மாள் கொண்டுபோகிறாள். அவள் மெதுவாகத்தான் நடப்பாள் என்பதால் நான் அசைவதில்லை. போன முறை பரிசோதித்த டாக்டர், உடற்பயிற்சி நல்ல பலன் கொடுத்திருக்கிறது என்றார்.

அணிச்சட்டை தைத்து வந்துவிட்டது. முதுகில் சுடலைமுத்து என்று போட்டிருக்கிறது. எனக்கு அளவாக இருக்கிறது.