காருக்கு வைத்த லைனிங்

"இனிமே நான் ரயில்ல போறேன். நீங்க கார்ல வாங்க" என்றாள் என் மனைவி.

ஒரே மகள் வீட்டுக்கு, ஒரே நாளில், புருஷன் ஒரு வண்டி, பெண்டாட்டி ஒரு வண்டி. கேட்டால் எவனாவது வாயால் சிரிப்பானா? மகள் வீடு மூன்று மணி நேர ஓட்டம். மாதம் ஒரு தடவை போவோம். அந்த மூன்று மணி நேரம் என்னுடையது. நான் பேசுவேன், அவள் கேட்பாள். முப்பத்தொரு வருஷமாக இப்படித்தான் குடித்தனம் ஓடுகிறது.

இடையில் அவள் காது மந்தமாகிவிட்டது. அப்போதுகூட வண்டியில் தலையை ஆட்டிக்கொண்டாவது வருவாள். கேட்டதா இல்லையா என்பது அவள் பாடு. நான்கு மாதத்துக்கு முன்னால் டாக்டர் இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டிவிட்டார். ஆகா, இனி நம் பேச்சு முழுசாகப் போய்ச் சேரும் என்று நான் குதித்தேன். நடந்தது என்ன தெரியுமா? வீட்டில் மாட்டிக்கொள்கிறவள், காரில் ஏறி ஐந்து நிமிஷத்தில் இரண்டையும் கழற்றிச் சின்ன டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பக்கத்தில் ஒரு மனுஷன் தொண்டை வறளப் பேசிக்கொண்டு வருகிறேன், இவள் மாடு மேய்வதைப் பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

"ஏன் கழட்டுற?" என்று கேட்டேன்.

"மண்டைக்குள்ள இரையுதுங்க. கார்ல தாங்க முடியல."

சரி, காரைத்தான் சொல்கிறாள். அதற்கும் பதினாலு வயசாகிறது. வேகம் அறுபதைத் தாண்டினால் டயர் சத்தம், காற்றுச் சத்தம், பின்னால் ஏதோ தகரம் அடிக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து வரும். காது மெஷினுக்கு மனுஷன் பேச்சு, டயர் இரைச்சல் என்ற பேதம் கிடையாது, எல்லாவற்றையும் பெரிசாக்கிக் காதுக்குள் கொட்டும். டாக்டரே சொன்னார். அவர் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுகிறவர் என்பதால் மீதி என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

இந்தக் காலத்தில் எவன்தான் வாயைத் திறந்து பேசுகிறான்? டிவியில் செய்தி வாசிக்கிறவள் உதட்டை அசைக்கிறாள், அவ்வளவுதான். என் தையல் கடைக்கு அளவு கொடுக்க வருகிற பையன்கள் மூக்கால் முனகுகிறார்கள். மெஷின் வந்ததிலிருந்து என் மனைவியும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டாள். முன்பெல்லாம் அவள் கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும். இப்போது பட்டுத்துணி உரசுகிற மாதிரி பேசுகிறாள்.

அவள் தம்பி கார் மெக்கானிக். ஊரைத் தாண்டிப் பெரிய ரோட்டோரத்தில் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் போனேன். "மச்சான், காருக்குள்ள ரோடு சத்தம் வரக்கூடாது. என்ன பண்ணணும்?"

அவன் ஒரு சுருளை எடுத்துப் போட்டான். ஒரு பக்கம் கறுப்பாக, பிசுபிசுவென்று தார் மாதிரிப் பசை. மறுபக்கம் அலுமினியத் தாள். காரின் உள் தகரத்தில் இதை ஒட்டினால் தகரம் அதிராது. அதற்கு மேல் ஃபோம் ஒட்டினால் மிச்சச் சத்தமும் அடங்கும். "விட்டுட்டுப் போங்க மாமா, ரெண்டு நாள்ல நானே ஒட்டித் தர்றேன்" என்றான்.

"நீ சுருளை மட்டும் குடு. நான் யாருன்னு நினைச்ச? கோட்டுக்கு லைனிங் வைக்கிறவனுக்குக் காருக்கு வைக்கத் தெரியாதா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தொழில்காரனுக்குத் தொழில்காரன் பாடம் எடுப்பது எனக்குப் பிடிக்காது.

கடைக்கு நான்கு நாள் பூட்டு. சீட்டுகளைக் கழற்றி வாசலில் வைத்தேன். தரை விரிப்பை உரித்தேன். கதவின் உள்பக்க அட்டையை இழுத்தபோது பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டாணி மாதிரி தெறித்தன. ஏழு உடைந்தன. உடைந்தால் உடையட்டும், நான் பட்டன் தைக்கிறவன். என் மனைவி வாசலுக்கு வந்து, எலும்புக்கூடாக நின்ற காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கார்ல என்ன தொலைச்சீங்க?" என்றாள்.

"உன்னை" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள், ஆனால் கொஞ்ச நேரத்தில் டீ வந்தது.

அப்புறம் வேலையைப் பாருங்கள். மெக்கானிக் என்றால் ஷீட்டைக் கண்டபடி பிய்த்து ஒட்டியிருப்பான். நான் ஒவ்வொரு இடத்துக்கும் செய்தித்தாளில் அளவெடுத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, அரை இஞ்ச் மடிப்பு விட்டு வெட்டினேன். பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் தகரத்தைத் துடைத்தேன். பசை இளகுவதற்கு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, பழைய வேட்டித் துண்டை மேலே போட்டுத் தேய்த்தேன். ஒரு சுருக்கம் கிடையாது. சக்கரத்துக்கு மேலே வளைவாக வரும் இடத்தில் சட்டைக்கைக்குச் சுருக்கு வைக்கிற மாதிரி வைத்துப் படிய விட்டேன். தரைக்குக் கனமான கம்பளித்துணியை இரட்டையாக மடித்து ஓரம் அடித்துப் போட்டேன். கல்யாண மாப்பிள்ளை கோட்டுக்குக்கூட நான் அவ்வளவு பார்த்து லைனிங் வைத்ததில்லை.

கதவுக்கு வந்தபோதுதான் கார் கம்பெனிக்காரன் எவ்வளவு சோம்பேறி என்று தெரிந்தது. ஒவ்வொரு கதவின் அடி ஓரத்திலும் மூன்று நீளமான ஓட்டை. நான்கு கதவுக்குப் பன்னிரண்டு. இதன் வழியாகச் சத்தம் வராமல் வேறு எங்கிருந்து வரும்? தையல்காரன் கண்ணில் ஓட்டை பட்டுவிட்டால் கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு ஒட்டுத் துண்டு வெட்டி, மூலையை உருட்டி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி அடைத்தேன். அதைப் பார்த்து நானே நாலு தடவை மெச்சிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பூட்டிக் கதவைச் சாத்தினேன். முன்பு "டங்" என்று தகரம் அடிக்கும். இப்போது மெத்தையில் விழுந்த மாதிரி ஒரு "தொப்". உள்ளே உட்கார்ந்தால் தெருவே செத்துப்போயிருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து பார்த்தாள். கம்பளியைத் தடவினாள். "நல்லாதான் பண்ணியிருக்கீங்க" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். "ஒரு தடவை வர்றேன். மெஷினைக் கழட்டாமப் போக முடிஞ்சா சரி. முடியலன்னா ரயில்தான். அப்புறம் என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது."

"கழட்டினா என் பேரை மாத்தி வச்சுக்கோ" என்றேன்.

வெள்ளிக்கிழமை வரை இரண்டு நாள் விடாமல் மழை. கார் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. சனிக்கிழமை காலை வெயில் வந்தது. கிளம்பினோம்.

மெஷின் அவள் காதில். பெரிய ரோட்டுக்கு வந்து எண்பதில் போனேன். ஒரு இரைச்சல் இல்லை. சீட்டு வழியாக ரோடு போவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான்கு மாதம் தேக்கி வைத்த பேச்சு, சும்மா விடுவேனா? சம்பந்தியில் ஆரம்பித்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். சம்பந்தி என்றால் யாருக்குமே அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வளைவில் அவள், "தண்ணி சத்தம் கேட்குதுங்க" என்றாள்.

"என்ன?"

"தண்ணி! குடத்துல ஆடற மாதிரி."

"காருக்குள்ள ஏது குடம்? உன் மெஷின் கோளாறு."

பிரேக் போட்டேன். "இப்ப முன்னாடி ஓடுது" என்றாள். கிளம்பினேன். "இப்பப் பின்னாடி." எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான்கு நாள் முதுகு ஒடிய உழைத்தவனைக் கொஞ்சமாவது மதிக்க வேண்டாமா? ரயிலில் போவதற்குச் சாக்குத் தேடுகிறாள் என்றே நினைத்தேன். "உன் தம்பி பட்டறை வழியிலதான இருக்கு? அவனே சொல்லட்டும்" என்று வண்டியை அங்கே விட்டேன்.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். டிரைவர் கதவைத் திறந்து இரண்டு ஆட்டு ஆட்டினான். அவன் முகம் போன போக்கே சரியில்லை. குனிந்து அடியில் என் ஒட்டுத் துண்டு ஒன்றை உரித்தான். கதவிலிருந்து தண்ணீர் சர்ரென்று பீய்ச்சி அவன் கால்சட்டையை நனைத்தது. அடுத்ததை உரித்தான். அது என் செருப்பை நனைத்தது.

"ஐயோ மாமா, இது தண்ணி வடியறதுக்கு வச்ச ஓட்டை! மழைத்தண்ணி கண்ணாடி வழியா உள்ள இறங்கும், இது வழியா வெளிய போகும். இதைப் போய் யாராவது அடைப்பாங்களா?"

"ஓட்டைன்னா அடைக்கத்தான் செய்வாங்க!" என்றேன். வேறு என்ன சொல்வது? அக்காவும் தம்பியும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நான்கு கதவிலும் ஒரு குடும்பம் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது. இரண்டு கதவைக் காலி செய்த பிறகு மச்சான் சிரிப்பை நிறுத்தினான்.

"மாமா, இவ்ளோ தண்ணி களக் களக்னு ஆடிட்டே வந்திருக்கு. உங்களுக்குக் கேட்கலையா?"

"வண்டி ஓட்டுறவன் ரோட்டைப் பார்ப்பானா, தண்ணியைக் கேட்பானா?"

"சரி, பின் கதவு ரெண்டும் இன்னும் நிறைஞ்சுதான் இருக்கு. ஆட்டுறேன். கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கண்ணை மூடினேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தேன். இரண்டு பேரும் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. "ஆ, கேட்குது. கேட்குது. லேசா ஆடுது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். மச்சான் கதவுக்கு நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கதவை அவன் தொடவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. அவன் கதவைப் பிடித்து உண்மையாகவே ஆட்டினான். அடி ஓரத்தில் தண்ணீர் கசிவதைக் கண்ணால் பார்த்தேன். கதவு ஊமையாக ஆடியது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் கொஞ்சம்கூட இல்லை.

மிச்சம் இரண்டு கதவையும் வடித்துவிட்டுக் கிளம்பினோம். பத்து கிலோமீட்டர் நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கே புதுசு.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றேன்.

அவள் என் பக்கமாக முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். வெளியிலிருந்து சத்தம் வராததால் அவள் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு விழுந்தது. லைனிங் நன்றாகத்தான் வேலை செய்தது.

"மூணு வருஷமா. கடை வைக்கிறதுக்கு முன்னாடி முப்பது வருஷம் அந்தத் துணி ஃபேக்டரியில இருநூறு தையல் மெஷினுக்கு நடுவுல நின்னீங்க. காது போகாம என்ன செய்யும்? உங்களுக்குக் கேட்கலைன்னா நீங்க கத்துறீங்க. வீட்டுல கத்துனா நான் அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். கார்ல எங்க போறது?"

"அப்போ இரையுதுன்னு சொன்னது..."

"உங்களைத்தான்."

"அதை அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"நாலு தடவை சொன்னேன். உங்களுக்குக் கேட்கல."

அவள் தொடர்ந்தாள். "அப்புறம் நீங்களே காருதான்னு முடிவு பண்ணி, எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்தீங்க. இஸ்திரிப் பெட்டியோட காருக்குள்ள படுத்திருக்கிற மனுஷன்கிட்ட என்னன்னு சொல்றது? சரி, கார் அமைதியானா இவரும் அமைதியாயிடுவார்னு பார்த்தேன். நீங்க எங்க ஆனீங்க? சம்பந்தியைப் பத்திப் பேசும்போது காது கிழிஞ்சிருச்சு."

எனக்கு அவமானமாக இருந்தது. சீட்டுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. டாக்டரும், செய்தி வாசிக்கிறவளும், கடைக்கு வரும் பையன்களும், மச்சானும், இவளும், ஊரே ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் பையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்தாள், கை காதுப் பக்கம் போனது.

"கழட்டப் போறியா?"

"மெதுவாப் பேசுங்க. கழட்ட மாட்டேன்."

"இவ்ளோ மெதுவா போதுமா?"

"இன்னும்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உதடு அசைவதும் தொண்டையில் காற்று போவதும் தெரிந்தது, அவ்வளவுதான். அவள் தலையை ஆட்டினாள். அதுதான் சரியான அளவு என்று அர்த்தம். அந்த அளவில் பேசினால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடுகிறது. சம்பந்தி வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றேன்.

சொன்னேனா, நினைத்தேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்த டப்பாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். என் பக்கம் சாய்ந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, பழையபடி தெருமுனைக்குக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"எனக்கும் இருந்துச்சுங்க! முதல் வாரந்தான் கஷ்டம்! டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்!"