டமுவேராவின் இன்னொரு குரல்

கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகியும் டமுவேரா வீட்டில் பேசுவது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தையைத் தாண்டியதில்லை. "சோறு", "தண்ணி", "படுக்கிறேன்" என்று பெண்டாட்டி கபுரோரோவுக்கு மூன்று. மிச்சம் ஏழும் நாய்க்கு. கபுரோரோ அதை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. பகலெல்லாம் முழங்கால் உப்புத் தண்ணீரில் நின்று வெள்ளைக்காரர்களுக்கு மீன் காட்டிவிட்டு வருகிற மனுஷன், வாயும் களைத்துத்தான் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆண்பிள்ளைகள் எல்லோருமே இப்படித்தான் என்று அவளுக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தோடேயே காலம் தள்ளியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள்.

வினை சாப்பாட்டு டப்பா ரூபத்தில் வந்தது.

டமுவேரா வழிகாட்டியாக இருக்கும் அதே மீன்பிடி விடுதியில்தான் கபுரோரோவுக்குச் சமையல் வேலை. தீவுக்கு வாரத்துக்கு ஒரு விமானம். அதில் பத்துப் பேர் வந்து இறங்குவார்கள். ஆறு நாள் காயலுக்குள் மணல்திட்டு மணல்திட்டாக நடந்து இக்காரி மீனைத் தேடுவார்கள். கையில் நாணல் போல் வளையும் நீளத் தூண்டில். அதன் நுனியில் இறகும் மயிரும் நூலும் வைத்து இறால் மாதிரி கட்டிய ஒரு பொடிக் கொக்கி. அரை உலகத்தைச் சுற்றி வந்து, அத்தனை பாடுபட்டுப் பிடித்த மீனை, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். விடுதியில் அது சட்டம். சாப்பிடாத மீனை எதற்குப் பிடிக்கவேண்டும் என்று தீவில் யாருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. வயிற்றுப்பாடு நடக்கிறதே என்று யாரும் கேட்பதுமில்லை.

இந்த வாரம் வந்த பத்துப் பேரில் ஒருத்தி இங்கெலிஸ். டென்மார்க்காரி, ஐம்பத்தைந்து வயது, நல்ல உயரம். மூக்கில் எப்போதும் வெள்ளைக் களிம்பு. நாலாவது வருஷமாக வருகிறாள். வரும்போதெல்லாம் முன்கூட்டியே எழுதிவிடுவாள், எனக்கு டமுவேராதான் வேண்டும் என்று. கபுரோரோவுக்கும் மறக்காமல் ஒரு பொட்டலம் கொண்டுவருவாள். கறுப்பு மிட்டாய், வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். கடலுக்கு நடுவில் கிடக்கிறவளுக்கு உப்பு மிட்டாய்!

நாலாம் நாள் டமுவேரா டப்பாவை மறந்துவிட்டுப் போனான். அன்றைக்கு அவர்கள் கரையோரத் திட்டில்தான் இருந்தார்கள் என்பதால், கபுரோரோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தென்னை மறைவில் வண்டியை நிறுத்தினாள். காற்று கடல் பக்கமிருந்து வீசியது. அங்கிருந்து ஒரு குரலும் வந்தது.

"வா... மெதுவா வா... இன்னும் கிட்ட வா. அவசரமே இல்ல. என்னா அழகு! அய்யோ, என்னா அழகு! பயப்படாத. அப்படித்தான். வா..."

யாரோ புது வழிகாட்டி என்றுதான் முதலில் நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்கு நடுவில் டமுவேரா. அவனுக்கு முன்னால் இங்கெலிஸ். அவன் கை அவள் தோள்மேல். வாய் அவள் காதோரம்.

தோளில் இருந்த கையைக்கூடக் கபுரோரோ மன்னித்திருப்பாள். காட்டுகிற திசைக்குத் திருப்பக் கை வைக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் குரல்! தேங்காய்ப் பாலில் பாகு கலந்த மாதிரி ஒரு குரல். இவ்வளவு நாளும் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தான்? இரண்டு பிள்ளை பெற்றபோதும் அவள் காதில் விழாத குரல்.

டப்பாவைத் தென்னைமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். எறும்பு தின்னட்டும்.

விடுதி அடுக்களையில், கூடச் சமைக்கும் போட்டிகா ஈரப்பலாக்காயைச் சுட்டுத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். போட்டிகாவிடம் ஒன்றைச் சொல்வதும் தேவாலய மணியை அடிப்பதும் ஒன்றுதான். தெரிந்தும் கபுரோரோ சொல்லிவிட்டாள். மனசுக்குள் வைத்துக்கொண்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"அடியே, அந்தக் களிம்பு மூக்கிகிட்டயா?" போட்டிகா சிரித்த சிரிப்பில் கத்தி நழுவியது. "முன்னெல்லாம் நம்ம பொம்பளைங்க புருஷனைத் தொட்டவ மூக்கைக் கடிச்சுத் துப்பிடுவாளுக. நீயும் கடி. களிம்பு சேர்த்துக் கடிச்சா வழுக்கிக்கிட்டு வரும்."

"சிரிக்காதடி. எனக்கு உசுரு போகுது."

"ஏழு கடல் தாண்டி ஒருத்தி மீனுக்காகவா நாலு வருஷம் வருவா? நெருப்பில்லாமப் புகையுமா?"

எரிகிற வீட்டுக்கு எண்ணெய் வார்க்க ஒரு போட்டிகா போதும். அன்று சாயங்காலம் டமுவேரா சாப்பிட உட்கார்ந்தபோது கபுரோரோ எதிரிலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எப்படி?"

"ம்."

"மீன் கிடைச்சுதா?"

"ம்."

"அந்தப் பொம்பளை நல்லாப் பிடிக்கிறாளா?"

"பரவால்ல. சோறு."

சோற்றை அவள் தட்டில் வைத்த வேகத்தில் நாய் எழுந்து வெளியே போனது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சண்டை வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். சண்டைக்கும் வாய் வேண்டுமே! வாயெல்லாம் மணல்திட்டில் செலவாகிவிடுகிறது.

கடைசி நாள் எல்லோரும் தூரத்துத் திட்டுகளுக்குப் போவது வழக்கம். படகிலேயே சாப்பாடு. மானேஜரிடம் போய், படகில் சமைக்க இன்றைக்கு நானே போகிறேன் என்றாள் கபுரோரோ. படகில் அவளைப் பார்த்ததும் டமுவேராவின் புருவம் கொஞ்சம் ஏறியது.

"நீ எதுக்கு?"

"மீன் பார்க்க."

அவன் தலையாட்டிவிட்டுக் காயலைப் பார்க்கத் திரும்பிவிட்டான். பொய்யை நம்புகிறானா, நம்பாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறானா என்பதுகூட அவளுக்குப் புரியவில்லை. கட்டிய புருஷனின் முதுகை வைத்து எதைக் கண்டுபிடிப்பது!

படகு ஒவ்வொரு திட்டிலும் ஒருவரையும் ஒரு வழிகாட்டியையும் இறக்கிவிட்டுப் போகும். டமுவேராவும் இங்கெலிஸும் இறங்கியபோது, அரிசியையும் அடுப்பையும் படகோட்டி தலையில் கட்டிவிட்டுக் கபுரோரோவும் இறங்கினாள். இருபது அடி தள்ளிப் பின்னாலேயே நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. குரல் ஆரம்பித்துவிட்டது. "இடப்பக்கம், முள்ளு பத்து மணி காட்டுற திசை. நாப்பது அடி. தெரியுதா? பொறு. இன்னும் பொறு. வரான், வரான்... ஆகா, ராஜா மாதிரி வரான்." ஒவ்வொரு வார்த்தையும் ஒவ்வோர் ஊசி. அவன் எச்சில் விழுங்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

இங்கெலிஸ் வீசினாள், மீன் மிரண்டு ஓடியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டமுவேரா சிரிக்கவில்லை. தண்ணீர் ஏறும் வாய்க்காலை முன்னால் போய்ப் பார்த்து வருகிறேன் என்று தனியாக நடந்துவிட்டான்.

இதைவிட்டால் நேரம் கிடைக்காது. கபுரோரோ தண்ணீரைச் சலசலவென்று மிதித்துக்கொண்டு நேராக அவள் எதிரில் போய் நின்றாள். பன்னிரண்டு வருஷ விடுதி இங்கிலீஷ் அத்தனையும் திரட்டிக்கொண்டு கேட்டாள்.

"என் புருஷன் உங்ககிட்ட என்ன பேசுறான்?"

"உங்க புருஷனா?" இங்கெலிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு நிமிஷம் கபுரோரோவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்க எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டாம். "கபுரோரோ, எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. நான் நார்வேன்னு நாலு வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கார். போன வருஷம் நான் புற்றுநோய்க்கு வைத்தியம் பண்ணி முடி மொத்தமும் கொட்டி, மொட்டைத் தலையோட வந்து நின்னேன். கண்ணாடியில என்னையே எனக்கு அடையாளம் தெரியல. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்."

"என்ன?"

"தொப்பி கொண்டுவந்தீங்களான்னு. தலை பளபளன்னா மீன் மிரளுமாம்."

கபுரோரோவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் மனசு ஆறவில்லை. இவளிடம் பேசவில்லை என்றால் அந்தக் குரல் யாருக்கு?

"நீங்களே பிடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றாள் இங்கெலிஸ். கயிற்றை அழகாக வீசி எதிரே மணலில் கொக்கியைப் படுக்கவைத்துவிட்டு, தூண்டிலை அவள் கையில் கொடுத்துத் தானே பத்தடி பின்வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்த டமுவேரா கையில் தூண்டிலோடு நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்தான். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. தூரத்தில் மணல்மேல் ஒரு நிழல் நகர்ந்தது. அவன் ஓசையில்லாமல் வந்து அவள் பின்னால் நின்றான். தோளில் கை விழுந்தது.

"வரான்" என்றான். "அசையாத. மூச்சை மெதுவா விடு. வா... வா... இன்னும் கிட்ட வா."

அதே குரல். இந்தத் தடவை அவர்களுடைய சொந்த மொழியில், அவள் காதுக்குப் பக்கத்தில். இந்த ஒரு நொடிக்காக இரண்டு நாள் எரிச்சலையும் மறந்துவிடலாம் என்று கபுரோரோவுக்குத் தோன்றியது. அவன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பினாள்.

அவன் கண் அவளிடம் இல்லை. அவள் தோளைத் தாண்டி, நாற்பது அடிக்கு அப்பால், அந்த நிழல்மேல் இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் கண் அப்படி நனைந்து அவள் பார்த்ததில்லை.

"என்னைப் பாக்காத" என்றான், அதே கொஞ்சலோடு. "அவனைப் பாரு."

அடப்பாவி! இங்கெலிஸாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். முடியைப் பிடித்து இழுத்திருக்கலாம், விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். காயல் நிறையச் சக்களத்தி என்றால் ஒருத்தி என்ன செய்வாள்?

"இழு. நிறுத்து. இழு..." கயிறு விறைத்தது. மீன் வெறிகொண்டு ஓடியது. சின்ன வயசிலிருந்து கைக்கயிறு பிடித்துப் பழகிய கை அவளுடையது. அவன் சொல்லச் சொல்ல விட்டாள், சொல்லாதபோதும் இழுத்தாள். கால்மணி நேரத்தில் மீன் அவள் காலடியில் வந்து நின்றது. வெள்ளியை உருக்கி ஊற்றிய மாதிரி ஒரு பெரிய இக்காரி. டமுவேரா மண்டியிட்டுக் கொக்கியை எடுத்தான். ஆனால் மீனை அவன் தொடுவதற்குள் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், தண்ணீருக்குள்ளேயே.

"விடு" என்றான்.

"ஏன் விடணும்? நான் பிடிச்சது. தேங்காப்பால்ல போட்டா நாலு பேர் சாப்பிடலாம்."

"சட்டம் இருக்கு."

"சட்டம் காசு கட்டி வர்றவங்களுக்கு. எனக்கு என்ன சட்டம்?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான்; நெற்றி, கண், உப்புப் பூத்த கன்னம் எல்லாவற்றையும். அவள் ஏதோ புதிதாகத் தண்ணீருக்குள்ளிருந்து வந்தவள் மாதிரி பார்த்தான்.

"புள்ள, வேண்டாம். இது அவன் இல்ல, அவ. வயித்தைப் பாரு, பௌர்ணமிக்கு முட்டை போடப் போகுது. எவ்வளவு தூரம் ஓடிக் களைச்சிருக்கு. கபுரோரோ... என் தங்கமில்ல. கொஞ்சம் தளர்த்து. மெதுவா. உன்கிட்ட நான் எப்பவாவது ஏதாவது கேட்டிருக்கேனா?"

இல்லை. சோறும் தண்ணியும் தவிர எதுவும் கேட்டதில்லை. அவள் பேரைச் சொல்லியே வருஷக்கணக்காகிறது.

மீனைத் தின்னும் உத்தேசமெல்லாம் அவளுக்குக் கிடையாது. இக்காரி முழுக்க முள். வீட்டில் நேற்றுப் பிடித்த சூரை கிடக்கிறது. மீனின் செவுள் அவள் உள்ளங்கையில் சீராகத் திறந்து மூடியது. தெம்பு வந்துவிட்டது, விரலைத் தளர்த்தினால் ஓடிவிடும். அது போனால் இந்தக் குரலும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எங்க, இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

"என்னத்த?"

"என் பேரை."

சொன்னான். அவள் விடவில்லை.

"இன்னொரு தரம்" என்றாள்.