போன் மொய்

பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டைக் கலர் பார்த்துப் பிரிக்கிற குடோனில் சீனிச்சாமிக்கு வேலை. வெள்ளை ஒரு மூட்டை, கறுப்பு ஒரு மூட்டை, மிச்சமெல்லாம் ஒரு மூட்டை. கண் தெரிகிற வரைக்கும் சோறு உண்டு. அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. எடை போடுகிறவனை நம்பமாட்டார், மூட்டை ஏற்றுகிற டிரைவரை நம்பமாட்டார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த இத்தனை வருசத்தில் உங்களை ஏமாற்றாத ஆள் யாருமே இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "செத்துப்போனவுக" என்பார்.

அவர் வீட்டுக்கு இருந்த ஒரே பிடி மகள் அனுசுயாவின் வேலை. எக்ஸ்போர்ட் கம்பெனியில், பனியன் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெசினில் டெய்லர். பி.எப். உண்டு, கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். புருசன் கேரளாவுக்குப் போனான், போனவன்தான். ஒரு பையன், பள்ளிக்கூடம் போகிறான். அந்த வேலை போனால் எல்லாம் போச்சு. இது அந்த வீட்டில் பையன் உட்பட எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் கம்பெனிக்குள் கேமரா போன் ஆகாது. டிசைனைப் படம் பிடித்து வெளியே விட்டுவிடுவார்களாம். பட்டன் போன் மட்டும் கொண்டு போகலாம், அதையும் செக்யூரிட்டியிடம் இருக்கிற பெட்டியில் போட்டுவிட வேண்டும். ரோஸ்மேரி என்ற டெய்லர், ஞாயிற்றுக்கிழமை பார்த்த வேலைக்குச் சம்பளம் ஏறவில்லை, எல்லாரும் சேர்ந்து கேட்போம் என்று கூடத் தைக்கிற லைனில் உள்ளவர்களுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள். பெட்டியில் கிடந்த அவள் போனை எடுத்து யாரோ படித்துவிட்டார்கள். மறுவாரம் ரோஸ்மேரி வேலையில் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஜெபக்குமார் வந்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், நாசரேத்துக்காரன். அனுசுயா கூட்டிவந்து உட்காரவைத்தாள்.

"பட்டன் போனுக்குன்னே ஒரு ஆப் இருக்குங்கய்யா. பூட்டுப் போட்ட மாதிரி. நம்பர் அடிச்சாத்தான் திறக்கும். அனுப்புத சேதிய நடுவுல யாரும் படிக்க முடியாது. படிச்சு முடிச்சதும் தானா அழிஞ்சிரும்."

"சாவி ஒங்கிட்ட இருக்குமாக்கும்?"

"எங்கிட்ட இருக்காதுய்யா. அனுப்புதவங்க போன்லயும் வாங்குதவங்க போன்லயும்தான் இருக்கும்."

"பூட்டு விக்கிறவன்கிட்டயே சாவி இல்லன்னா அவன் என்னடா பூட்டுக்காரன்?"

அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜெபக்குமார் சிரிக்கவில்லை, பாவம், இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருப்பான் போல. "வெளிநாட்டுல ஒருத்தரு இதைச் செஞ்சு சும்மாவே விட்டுருக்காருய்யா. பெரிய கம்பெனியெல்லாம் பட்டன் போனைக் கைவிட்டாச்சு. இவரும் முடியலன்னு நிறுத்தப் போறாரு. நாம ஆளுக்குக் கொஞ்சம் போட்டா நமக்குன்னு தனியா ஓட்டிக்கிடலாம். சேதி கைமாற ஒரு கம்ப்யூட்டர் எங்கனயாச்சும் ராப்பகலா ஓடிட்டே இருக்கணும். அதுக்கு வாடகை. தமிழ் எழுத்தை நான் சேத்துட்டேன்."

"வசூலு யாரு பண்றது?"

"நான்தான். யாரு குடுத்தாங்கன்னு பேரு வேண்டாம்யா. பேரு இருந்தா என்னைக்காவது வெளிய வரும்."

அங்கேதான் சீனிச்சாமிக்குப் பற்றிக்கொண்டது. முன்னே ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் இப்படித்தான் ரகசியமாகத் தெருத்தெருவாக வாங்கிக்கொண்டு ஓடினான். "பேரில்லாத காசு களவாணிக் காசு. ஊரறிய வாங்கு. வாங்குனத நாலு பேரு கேக்கணும். பேரனுக்குக் காதுகுத்து வருதுல்ல, மண்டபத்துல வச்சு வாங்கு. மொய் மேசைக்குப் பக்கத்துல இன்னொரு மேசை. நான் உக்காருறேன்."

ஜெபக்குமார் அனுசுயாவைப் பார்த்தான். அவள், அப்பாவிடம் பேசி மாளாது என்கிற மாதிரி கையை விரித்தாள். பிறகு இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

காதுகுத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. கறிச்சாப்பாடு. உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு மொய் என்றால் மைக்கில் வாசிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னார் இவ்வளவு என்று சத்தமாகக் கேட்டால்தான் கொடுத்தவனுக்குக் கொடுத்த மாதிரி இருக்கும். மைக் பிடித்தவன் லிங்கசாமி, சவுண்டு சர்வீஸ்காரன். எதை நீட்டினாலும் வாசிப்பான். மொய் எழுதுகிறவனே இந்த மேசைக்கும் பேர் எழுதினான். சீனிச்சாமி அவனிடம், "இந்த மேசையையும் வாசிச்சிரு. ஒருத்தர் விடாம வாசி" என்றார். சொல்லிவிட்டு ஜெபக்குமாரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு நோட்டையாவது பைக்குள் விடுகிறானா என்று. அவன் விடவில்லை. பந்திக்குத் தண்ணீர் கேன் தூக்கப் போய்விட்டான்.

"போன் மொய்!" என்றான் லிங்கசாமி. மண்டபம், தெரு, தெருவுக்கு அப்பால் டீக்கடை எல்லாம் அதிர்ந்தது. "ஓவர்லாக் லைன் பிரியங்கா! பேக்கிங் சந்தனம்! செக்கிங் ரங்காத்தாள்! ஓவர்லாக் லைன் அனுசுயா!"

சீனிச்சாமி காதில் அது ஏறவே இல்லை. காதுகுத்தில் மைக் சத்தம் என்பது சீலிங் பேன் சத்தம் மாதிரி. ஜெபக்குமார் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒயரைப் பிடுங்கியபோதுதான் அவர் நிமிர்ந்தார். அதற்குள் முக்கால்வாசிப் பேர் வாசித்தாகிவிட்டது.

இலையை மடித்துக் கை கழுவிவிட்டு ஒருவர் வந்தார். மகுடேஸ்வரன். அனுசுயா வேலை பார்க்கிற தளத்தின் இன்சார்ஜ். லீவு கொடுத்தவரைக் கூப்பிடாமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று அனுசுயாதான் பத்திரிகை வைத்திருந்தாள்.

"ஏனுங்க சாமி, பேரனுக்குக் காது ரெண்டு. அதுக்காக மொய்யும் ரெண்டுங்களா?"

"அது... சும்மா..."

"சாப்பாடு நல்லாருந்துச்சுங்க. வர்றனுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். தட்டில் சேர்ந்த காசு அப்படியே இருந்தது. ஜெபக்குமார் அதைத் தொடவில்லை. "நீங்களே வச்சிருங்கய்யா" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது. சீனிச்சாமி அதைத் துண்டில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அந்த வாரமே மகுடேஸ்வரன் வேஸ்ட் குடோனுக்கு பைக்கில் வந்தார். மூட்டைமேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"அனுசுயா நல்ல டெய்லருங்க சாமி. அவ தச்சா ரிஜெக்ட் வராது. எனக்கும் அனுப்ப மனசில்லீங்க. வாசிச்ச பேருக்காரிய போனை எல்லாம் பெட்டியில இருந்து எடுத்துப் பாத்துட்டாங்க, என்னமோ பூட்டுப் போட்ட ஆப் இருக்குதுங்களாம். மத்தவிய எல்லாம் மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு இருந்துக்கட்டும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அனுசுயாவ வச்சுக்கோணும்னா ஒரே ஒரு பேருதான் வேணுமுங்களாம். போன்ல அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தவன் பேரு. அத்தனை பேரு வாசிச்சீங்க, அவன் பேரு மட்டும் வரலீங்களே."

சீனிச்சாமி கறுப்புத் துணியையும் கருநீலத்தையும் பிரித்துக்கொண்டே இருந்தார். ஜெபக்குமாரை அவர் இப்போதும் முழுசாக நம்பவில்லை. அவன் சொந்தமா, பந்தமா? ஒரு சொல் சொன்னால் தெருமுனையில் நாளைக்கும் பஸ் நிற்கும்.

"ஏனுங்க, யோசிக்கறீங்களா?"

"ரோஸ்மேரிகிட்டயும் இப்படித்தான் வந்து உக்காந்து பேசுனீகளா?"

மகுடேஸ்வரன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். சீனிச்சாமி அதைப் பார்த்துக்கொண்டார்.

"பேரச் சொன்னாலும் அவள அனுப்புவீக. சொல்லாட்டியும் அனுப்புவீக. அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்படி இல்லீங்க சாமி..."

"எந்திரிங்க. மூட்டை நசுங்குது."

அனுசுயாவை நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடித்து, ஒரு கவரில் வைத்துக் கொடுத்து, கேட் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்களாம். அவள் வீட்டுக்கு வந்து பையைக் கூட இறக்காமல் நின்றாள்.

"மகுடேஸ்வரன் ஒன்னைய வந்து கேட்டானாமே."

"கேட்டான்."

"சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தாலும் அனுப்பியிருப்பான்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

சீனிச்சாமி "தெரியாது" என்றார்.

"சொல்லியிருக்கணும்னு நான் சொல்லலப்பா. ஜெபக்குமார் அண்ணன் பாவம். ஆனா மைக்குல வாசிக்கச் சொன்னதும் நீதான், இப்ப வாய மூடுனதும் நீதான். ரெண்டுக்கும் என்னைய ஒரு வார்த்தை கேட்டியா? வேல என்னோடதுப்பா."

அவர் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் பையனுக்கு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

காலையில் இருவரும் வேலை தேடிப் போனார்கள். துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சந்து சந்தாகக் கம்பெனி கேட்டுகளில் அட்டை தொங்கும், இன்ன மெசினுக்கு ஆள் தேவை என்று. அவர் படிக்கத் தெரியாதவர், ஆனாலும் ஒவ்வொரு அட்டைக்கும் நின்றார். "அது ஹெல்பர்" என்பாள் அவள். "அது சிங்கர் மெசின், நமக்கு ஓவர்லாக்தான்." நடந்துகொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. சாயத்தண்ணி ஓடுகிற சாக்கடை நாற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

ஒரு திருப்பத்தில் அவள் கையில் இருந்த பட்டன் போன் துடித்தது. நின்று, கையால் மறைத்துக்கொண்டு நம்பர் அடித்தாள். படித்தாள். முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது.

"யாரு?"

"ஜெபக்குமார் அண்ணன். இந்த மாச வாடகை கட்டியாச்சாம். ஓடுதாம்."

மொய்த் தட்டுக் காசு அவர் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. யாரும் வந்து கேட்கவே இல்லை. "காசு யாரு போட்டா?"

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "அது ஒனக்கு வேண்டாம்ப்பா."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டாள்.

அடுத்த சந்தில் ஒரு சின்ன யூனிட். அட்டையைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்வார்கள். அவர் வெளியே, நூல் கோன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு மேலேயே ஆனது. உள்ளே என்ன கேட்கிறார்களோ, முந்தின கம்பெனி எது, ஏன் நின்றாய் என்றெல்லாம் கேட்பார்கள், இவள் என்ன சொல்கிறாளோ.

வெளியே வந்தாள்.

"நாளைக்கு வரச் சொல்லிட்டாக. பீஸ் ரேட்டு, தச்ச கணக்குக்குத்தான் காசு. பி.எப். கிடையாது, பஸ் கிடையாது."

"தூரமாச்சே தாயி."

"நடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் போனாள். அவர் பெட்டியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்னாலேயே நடந்தார்.