ஸம்ஸியாவின் பட்டாணிப் பருப்பாணம்

1956ஆம் வருடம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மருதமுனையில் கைத்தறி நெய்துவந்த ஸைனுலாப்தீன் படுத்திருந்த பாயிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு எழும்பினார், திரும்ப இறங்கவில்லை. அந்தக் கிழமை கல்முனைச் சந்தையில் தேங்காய் விலை ஏறியிருந்தது, கீரி மீன் மலிந்திருந்தது. மூன்று மாதம் நெருப்புக் காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாகப் பிழைத்தவர் என்பதால் ஊரார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலிலிருந்து எழும்புகிறவர்களில் சிலருக்கு முடி கொட்டும், சிலருக்குக் காது மந்தமாகும், இவருக்குப் பாரம் போய்விட்டது என்றார்கள். பெரிதாக எடுத்துக்கொண்டவள் அவருடைய மனைவி ஸம்ஸியா ஒருத்திதான். வீடு அவளுடையது, அந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வந்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு வாசல் வழியாகப் போன கதைகள் ஊரில் நிறைய உண்டு. கூரை வழியாகப் போகவிட்டவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று ஸம்ஸியா நினைத்தாள். அதோடு அவளுக்கு அவரை மிகவும் பிடிக்கும். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் ஒருநாளும் அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

முதலில் அம்மிக்குழவியை அவர் இடுப்பில் கட்டிப் பார்த்தாள். இரண்டு நாள் நிலத்தில் நின்றார். மூன்றாம் நாள் அம்மிக்குழவியும் பாரத்தை இழந்து அவரோடு சேர்ந்து எழும்பியது. பிறகு கடைக்கார முகைதீன்பாவாவிடம் இரண்டு இறாத்தல் படிக்கல் ஒன்றை இரவல் வாங்கிக் கட்டினாள், அதற்கும் அதே கதிதான். திருப்பிக் கொடுத்த படிக்கல்லைத் தராசில் வைத்தபோது, எதிர்த்தட்டில் ஒரு பிடி சீனி விழுந்ததுமே தட்டு இறங்கிவிட்டது. ஒரு பிடிச் சீனியை இரண்டு இறாத்தல் என்று விற்கிறார் என முகைதீன்பாவாவின் பெயர் நாலு நாள் தெருவெல்லாம் நாறியது. தறிக் குழியில் மிதிகட்டைக்குக் கால் எட்டாததால் ஸைனுலாப்தீனின் நெசவு நின்றுபோயிற்று. ஸம்ஸியா தானே தறியில் இறங்கி நெய்யத் தொடங்கினாள். அவர் மேலே மிதந்தபடி அறுந்த நூலை முடிந்துகொடுத்தார்.

ஆனால் அவரை வாட்டியது தறியல்ல, தொழுகை. குனிவதுவரை எல்லாம் சரியாகவே நடக்கும், சுஜூதுக்குப் போகும்போது மட்டும் நெற்றி நிலத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். நோயாளிக்குச் சைகையே போதும் என்று பள்ளிவாசல் லெப்பை எடுத்துச் சொன்னார். ஸைனுலாப்தீன் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனாலும் தொழுது முடித்து வெகுநேரம் பாயையே பார்த்துக்கொண்டிருப்பார். “நிலம் என்ன வேணாம் எண்டுது, புள்ள,” என்று ஒருநாள் சொன்னார். ஸம்ஸியா அடுப்படிக்குள் போய், வெங்காயம் உரிக்காமலே அழுதாள்.

பங்குனியில் ஒரு சாண் ஒரு முழமாயிற்று. சித்திரையில் அவர் தலை கூரை வளையில் முட்டியது. வைகாசியில் கச்சான் எழும்பும். மேற்கே வயல்வெளியில் புறப்பட்டு நேரே கடலுக்குப் போகிற காற்று அது. கொடியில் காயும் சாரனையே கொண்டுபோகும். ஓலைக் கூரையைக் கச்சான் பிய்ப்பது வருடந்தோறும் நடப்பதுதான். இந்த வருடம் கூரை பிய்ந்தால், அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டிருப்பவரும் கடலுக்குத்தான் போவார் என்பது ஸம்ஸியாவுக்குத் தெரிந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு மறுபடியும் முகைதீன்பாவாவின் கடைக்குப் போனாள்.

“இனி ஒரு கல்லும் தரமாட்டன்,” என்றார் அவர், அவள் வாயைத் திறப்பதற்குள்.

“கல்லு வேணாம் காக்கா. திங்கிற சாமானில ஆகப் பாரமானது எது?”

முகைதீன்பாவா மூலையில் கிடந்த சாக்கைக் காலால் தட்டினார். “இந்தா, பட்டாணிப் பருப்பு. ரெண்டு வருஷமாக் கிடக்கு. வெள்ளாப்புல அடுப்புல வச்சா அசறுக்குத்தான் அவியும். வயித்துல கல்லு மாதிரிக் கிடக்குது எண்டு வாங்கின ஆக்களெல்லாம் ஏசிப்போட்டுப் போனாங்க.”

“எத்தின நாளைக்குக் கிடக்கும்?”

“எது?”

“வயித்துல.”

கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சாக்கையே தூக்கிக் கொடுத்தார், கடையில் இடமாவது கிடைக்கட்டும் என்று.

ஊறவைத்த பருப்பை மாட்டுக் கால் எலும்போடு பெரிய மண்பானையில் ஏற்றினாள். மஞ்சள், உள்ளி, இஞ்சி, ரம்பை இலை, ஒரு துண்டு கறுவாப்பட்டை. உப்பை முதலில் போட்டால் பருப்பு வீம்பு பிடிக்கும் என்பதால் கடைசியில்தான் போட்டாள். விடிகாலைச் சுபஹு தொடங்கிப் பின்னேர அசறுவரைக்கும் துழாவினாள். பருப்பு கரைந்து, எலும்பின் ஊன் கரைந்து, முதல் தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்போது அகப்பை நடுப்பானையில் தானாகவே நின்றது. ஆஸ்பத்திரியில் சூப்பு என்பதை அந்த வீட்டில் ஆணம் என்பார்கள். அப்படி ஓர் ஆணத்தை அந்தத் தெரு அதற்குமுன் மணந்ததில்லை. ஆனால் இறக்கிய கையோடு ஸம்ஸியா ஒரு பிழை செய்தாள். பாவு நூலுக்குப் பூசக் கஞ்சி காய்ச்சுகிற வீடு அது. கஞ்சியில் கட்டி நின்றால் நூல் அறும் என்பதால், அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் நெசவுக்காரியின் கை தானாகவே வடிதுணியைத் தேடும். ஆணத்தையும் அவள் துணியில் வடித்தாள். தெளிந்த நீரைக் கணவருக்குக் கொடுத்தாள், துணியில் நின்ற சக்கையைக் கோழிகளுக்குப் போட்டாள்.

இப்படிப் பதினொரு நாள் நடந்தது. ஸைனுலாப்தீன் ருசியாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார், குடித்தபடியே இன்னும் நாலு விரல் உயர்ந்து தலையைச் சரித்து வைக்கவேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வளவிலிருந்த ஸம்ஸியாவின் அக்கா சுஹறா, விருந்தாளிக்கு அறுக்க ஒரு கோழி கேட்டு வந்தாள். பிடிக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

“இஞ்ச வா புள்ள. ஒண்ட கோழி நிலத்தோட ஒட்டிக் கிடக்கு.”

ஒட்டவில்லை, பாரம்தான். அக்காவும் தங்கையுமாக இரண்டு பக்கமும் பிடித்தும் அந்தப் பேட்டுக்கோழியைத் தூக்க முடியவில்லை. வளவெல்லாம் கோழியின் கால்தடம் நாலு விரல் ஆழத்துக்குப் பதிந்திருந்தது. பறக்கிற பருந்து ஒன்று அன்று காலை குஞ்சைத் தூக்க வந்து, முடியாமல் விட்டுவிட்டுப் போனதைச் சுஹறா கண்ணால் கண்டிருந்தாள். ஸம்ஸியா கோழியைப் பார்த்தாள், கொடியில் தொங்கிய வடிதுணியைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாரத்தக் கோழிக்குப் போட்டுட்டு மனிசனுக்குத் தண்ணியக் குடுத்திருக்கன், ராத்தா.”

மறுநாள் வெள்ளாப்பில் சாக்கில் மிஞ்சியிருந்த பருப்பு முழுவதையும் பானையில் போட்டாள். அன்றுதான் கச்சான் எழும்பியது, வழக்கத்துக்கு நாலு நாள் முந்தி. நடுப்பகல் லுஹர் வேளையில் கூரையின் மேற்குப் பக்கம் பிய்ந்தது. பாவு இழுக்கிற கயிற்றை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை வாசல் தென்னையில் முடிந்திருந்தார்கள். ஸைனுலாப்தீன் வெளியே போய், கொடிச் சாரனைப்போலக் கடலைப் பார்த்து நீட்டி நின்றார். பருப்பு இன்னும் பாதிதான் அவிந்திருந்தது. இருக்கிறபடியே கொடுத்துவிடு என்று சுஹறா கத்தினாள்.

“அவியாதத்தக் குடுத்தா வயித்தால போயிரும் ராத்தா. மறுகா பாரம் எங்க நிக்கிற?”

சொல்லிவிட்டு அடுப்பில் இன்னும் இரண்டு விறகைத் தள்ளினாள். ஒரு கையால் துழாவினாள், ஒரு கண்ணால் கயிற்றைப் பார்த்தாள். கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. பள்ளியில் அசறு வாங்கு சொன்னபோது மூன்று புரியில் ஒன்றுதான் மீதி, பானையிலும் அகப்பை நின்றது. வடிதுணியை அவள் அடுப்பிலேயே போட்டு எரித்தாள். பானையைச் சுமக்க நாலு பெண்கள் வேண்டியிருந்தது. தென்னையில் ஏணியைச் சாத்தி ஏறி, சிரட்டை அகப்பையால் அள்ளி ஊதி ஊதி அவர் வாயில் வைத்தாள். ஓர் அகப்பைக்கு ஒரு முழம் வீதம் அவர் இறங்கினார். அவளும் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே ஊட்டினாள். ஆறாவது அகப்பையில் கயிறு அறுந்தது. அவர் எங்கும் போகவில்லை. ஒன்பதாவது அகப்பையில் பாதம் மணலைத் தொட்டு, கணுக்கால்வரை புதைந்தது. காற்று அடித்தபடியேதான் இருந்தது, அது அடிக்கிற காற்று.

அவர் கைகால் கழுவி வுழு செய்துவந்து வாசல் மணலிலேயே தொழுதார். நெற்றி நிலத்தைத் தொட்டது. தொட்ட நெற்றியை அவர் எடுக்கவில்லை, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வாங்கு சொல்லப்போகிற நேரமாயிற்று. ஏதும் ஆகிவிட்டதோ என்று சுஹறா பயந்துபோய்க் கிட்டப் போனாள்.

“விடுங்க ராத்தா,” என்றாள் ஸம்ஸியா. “நாலு மாசத்துக்கும் சேத்து வைக்கிறார்.” அவள் முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது, துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நெற்றித் தடம் மணலில் அழியாமல் கிடந்தது. மழைக்காலத்தில் கோழிகள் அதில்தான் தண்ணீர் குடித்தன.

பிறகு அவர் பழையபடி நெய்தார். கிழமைக்கு ஒருமுறை ஆணம் குடித்தார், நடந்தால் தெரு அதிர்ந்தது, மாட்டுக் கரத்தைக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். 1957 மார்கழியில் பெரிய வெள்ளம் வந்தது. தெருவில் ஏழு வீடும் முகைதீன்பாவாவின் கடையும் கடலை நோக்கிப் போயின. ஸைனுலாப்தீன் வாசலில் நெற்றித் தடம் இருந்த இடத்தில் கால் ஊன்றி நின்றார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பதினேழு பேர் பிடித்துக்கொண்டார்கள், ஆக முன்னால் முகைதீன்பாவா. நெஞ்சளவு தண்ணீரில் ஓர் இரவும் இரண்டு பகலும் அவர் அசையவில்லை. ஆணப்பானையும் வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் பானைக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனது. இரண்டாம் நாள் அவர் கால் சோர்வதைக் கண்டு ஸம்ஸியா தென்னையில் கட்டியிருந்த ஏணியிலிருந்து அகப்பையை நீட்டினாள்.

“நிலம் விடுதில்ல, புள்ள,” என்றார் அவர்.

“நானும் விடமாட்டன். வாயத் திறங்க.”

வெள்ளம் வற்றியபின் எண்ணிப் பார்த்தார்கள், பதினேழு பேரும் இருந்தார்கள். முகைதீன்பாவா புதுக் கடை திறந்தபோது முதலில் இறக்கிய சாமான் பட்டாணிப் பருப்புத்தான். அந்தத் தெருவில் கார்த்திகையில் மழை இருட்டியதும் வீட்டுக்கு வீடு பருப்பு ஊறப்போடுவார்கள். ஆணத்தை யாரும் வடிப்பதில்லை.