மாப்பிள்ளையிடம் பெயர் கேட்கக் கூடாது

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஒரு கனவான் கொண்டுவந்து கொடுத்தார். போன மாதம் நான் வேலை பார்க்கும் அச்சாபீசுக்கு வந்தார்: துருக்கித் தொப்பி, வெள்ளிப்பூண் கைத்தடி, ஒரு பெட்டி பேரீச்சம்பழம்.

"சங்கத்திலேர்ந்து வர்றேன்" என்றார். "கடைக் கணக்கெழுதுற கிராணிமாரை நயமாப் பேசி ஏமாத்துற கூட்டம் ஒண்ணு நம்ம ஊர்ல திரியுது. அவங்க படிச்சு உஷாராகிற மாதிரி ஒரு கதை எழுதுங்க. உங்க பேனாவை விட்டா பினாங்குல வேற பேனா ஏது?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு, எந்தச் சங்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. புகழ்ச்சியிடம் முகவரி கேட்கும் எழுத்தாளன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

2

"1931ஆம் ஆண்டு, பீச் ஸ்திரீட்டின்மேல் ஆதவன் தன் பொற்கிரணங்களை…" [வேண்டாம். அன்றைக்கு மழை பெய்தாக வேண்டும்.]

"வஞ்சகம் என்பது யாதெனில்…" [இது தலைமைக் கிராணி பக்கிரிசாமியின் நடை. அவருக்கே விட்டுவிடுகிறேன்.]

பக்கிரிசாமி, பீச் ஸ்திரீட் பாக்கு மண்டி ஒன்றின் தலைமைக் கிராணி. முதலாளி தம் மகள் கல்யாணத்துக்காக நாகூர் போயிருந்தார். கப்பல் கண்ணுக்கு மறைந்த மறுநாளே பக்கிரிசாமி பதினாலு எச்சரிக்கை விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். முதல் விதி: 'முன்பின் அறியாதாரை நம்பற்க.' விதிகளைவிட அவர் கையெழுத்து பெரிது.

அவருக்குக் கீழே மீரா சாகிப்.* கடையின் சங்கேதப் புத்தகம் இவர் பொறுப்பு. முதலாளியின் தந்திகள் எல்லாம் அதிலுள்ள ரகசியச் சொற்களில்தான் போகும், வரும். அது எவன் கையில் சிக்கினாலும், முதலாளி பெயரில் ஒரு கப்பல் பாக்கைத் தான் நினைத்த இடத்துக்குத் திருப்பிவிடலாம். அது போனால் மீரா சாகிப்பின் வேலையும் போகும். பீச் ஸ்திரீட்டில் வேறு எந்தக் கடையும் அவரைப் படியேற விடாது.

(* பெயரை மாற்றியிருக்கிறேன். ஆள் நிஜம். இருபது வருஷமாக என்னோடு சாயங்காலக் கோப்பி குடிப்பவர். கறுப்புக் கோப்பி, சர்க்கரை போடமாட்டார்.)

புத்தகம் எங்கே இருக்கிறது? கதை நிஜம்போல இருக்க வேண்டுமே என்று அவரையே கேட்டேன். கரண்டியால் கோப்பியைக் கொஞ்ச நேரம் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அந்தப் புத்தகம் இருப்பது [இந்த வரியை அடித்துவிட்டேன். காரணம் பின்னால் வரும்.]

3

மழை. ரிக்‌ஷாவிலிருந்து ஒருவர் இறங்குகிறார். சரிகைத் தலைப்பாகை, தெருவுக்கே மணக்கும் அத்தர்.

"மாமா கடை இதுதானே?"

அந்த ஒரு சொல் போதும். புது மாப்பிள்ளையைப் பினாங்கில் ஒருவரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையிடம் பெயர் கேட்பதும், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்பதும் பெண் வீட்டாரையே அவமதிப்பது என்பது முதலாளி வீட்டு வழக்கம். பதினாலு விதிகளில் ஒன்றுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கிரிசாமி தம் நாற்காலியைத் தம் அங்கவஸ்திரத்தாலேயே துடைத்துப் போட்டார். அப்போது அவர் முதுகு விதிகளைப் பார்த்திருந்தது.

"மாமா அவசரமா ஒரு தந்தி அடிக்கச் சொன்னாங்க. சங்கேதப் புத்தகத்தை எடுங்க, சாயங்காலம் கொடுத்தனுப்புறேன்."

"சாகிப்! காதுல விழலையா? மாப்பிள்ளை கேக்கிறாங்கல்ல?" என்றார் பக்கிரிசாமி.

மீரா சாகிப்புக்கு உறுத்தியது முகமல்ல, அவசரம். மாப்பிள்ளைகள் அவசரப்பட்டு அவர் பார்த்ததில்லை. மற்றவர்கள்தான் அவர்களுக்காக ஓடுவார்கள். ஆனால் சந்தேகம் பொய்யானால் வேலை போகும். மரியாதை பொய்யானாலும் வேலை போகும். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"மாப்பிள்ளை கையால புத்தகம் சுமக்கிறதா? முதலாளி காதுல விழுந்தா எங்க தோலை உரிச்சிருவாங்க. சேதியை வாயால சொல்லுங்க. நானே சங்கேதத்துல எழுதித் தந்தி ஆபீசுக்கும் ஓடுறேன். மாப்பிள்ளை நல்லபடியா வந்து சேர்ந்தாங்கன்னு மாமாவுக்கும் கூடவே ஒரு வரி அடிச்சிருவோம்."

"அது ரகசியமய்யா! நீ என்னை நம்பலையா?"

"தவ்பா, தவ்பா! மாப்பிள்ளையை நம்பாம இருக்க முடியுமா? மழையைத்தான் நம்பல. புத்தகம் நனைஞ்சிரும்."

4

முடிவு அ: வந்தவர் 'இதோ வருகிறேன்' என்று ரிக்‌ஷா ஏறுகிறார். வரவில்லை. பக்கிரிசாமி பதினைந்தாவது விதியை எழுதி, அதற்கும் தாமே கையெழுத்திடுகிறார்.

முடிவு ஆ: வந்தவர் நிஜ மாப்பிள்ளை. மீரா சாகிப் வேலை போய் வீட்டுக்குப் போகிறார். [இதுவும் நடக்கும். சந்தேகப்படுகிறவனுக்கும் ஒரு செலவு உண்டு.]

முடிவு இ: 'நீ என்னை நம்பலையா' என்று அவர் கேட்டதுமே மீரா சாகிப்புக்கு

5

மேலே உள்ள வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை கனவான் வந்து முதல் பிரதியைப் படித்தார். இப்போது அடித்திருக்கும் வரி அதில் அப்படியே இருந்தது. பக்கிரிசாமி வரும் இடமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "புத்தகம் நெசமாவே அந்த இடத்துலதான் இருக்கா? எந்தக் கடை அது? சங்கத்துல கேப்பாங்க" என்றார். நான் கொஞ்சம் தயங்கினேன். "என்ன, என்னை நம்பலையா?" என்று சிரித்தார். சொன்னேன். கடையின் பெயர், கிராணியின் நிஜப் பெயர் எல்லாம், சோதித்தறிந்து எழுதுகிற எழுத்தாளன் என்ற பெருமையோடு. அவர் கேட்டதால் பிரதியையும் கொடுத்தனுப்பினேன்.

இன்று மத்தியானம் விசாரித்தேன். இந்த ஊர்ச் சங்கம் எதற்கும் அப்படி ஓர் ஆளைத் தெரியாது.

பக்கிரிசாமி துடைத்துப் போட்டது ஒரு நாற்காலி மட்டுமே. நான் திருத்தமான கையெழுத்தில், பத்தி பிரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'நீங்கள் ஏன் சுமக்க வேண்டும், சங்கத்துக்கு நானே கொண்டுவருகிறேன்' என்பதுபோன்ற பதிலை மீரா சாகிப்புக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். எனக்கு அது வாயில் வரவில்லை.

6

இது தெரிந்து இரண்டு மணி நேரமாகிறது. உடனே பீச் ஸ்திரீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். வெட்கம். உட்கார்ந்து ஒற்றெழுத்துகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடை ஐந்துக்கு மூடும், இப்போது நாலேகால். குடையை எடுத்துவிட்டேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் போய்ச் சேரும்போது புத்தகம் அதன் இடத்தில் இருக்குமா, அந்த இடம் காலியாக இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்கு இடம் எது என்று கேட்டபோது மீரா சாகிப் கோப்பியைக் கலக்கினார். சர்க்கரை போடாத கறுப்புக் கோப்பியில் கலக்க என்ன இருக்கிறது?

இருபது வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அன்றைக்கு ஒன்று சொல்லியிருக்க வேண்டுமே, ஆண்டவனே.