முட்டிக்குப் போட்ட மாலை

வாருங்கள், வேலியைத் தாண்டி உள்ளே வாருங்கள், கோல் கம்பத்துக்கு அருகே புழுதியில் மல்லாந்து கிடக்கும் இந்தப் பத்தொன்பது வயது உடலைச் சுற்றி நின்று கண்ணாரப் பாருங்கள், வலது முட்டியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறான், அவன் அலறல் உங்களை எட்டாது, அதற்கு மேலே ஒரு சிரிப்பு போர்வைபோல் விரிந்து கிடக்கிறது, சிரிப்பவர்கள் எதிரணிக்காரர்கள் அல்லர், அவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள், சிரிப்பது எங்கள் ஆட்கள், விடிவெள்ளி அணியின் ரசிகர்கள், கிடப்பவன் எட்வின், என் தம்பி, அந்த அணிக்காகவே ஓடி அந்த அணிக்காகவே விழுந்தவன். யாரும் அவனைத் தொடவில்லை என்பதுதான் அவன் செய்த குற்றம், பந்தை வாங்கித் திரும்பினான், பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட உடல் மட்டும் திரும்பியது, நடுவில் இருந்த முட்டி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான், டேய், காத்து வந்து தள்ளிச்சாடா, ஒருத்தனும் தொடல, இன்னாத்துக்கு இந்த சீனு, என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும்புகிறது, விசில் பறக்கிறது, யாரோ ஒருவன் குழந்தைபோல் வீறிட்டு அழுது காட்டுகிறான், அதற்கும் சிரிக்கிறார்கள்.

இதே வாய்கள்தாம் சென்ற வாரம் அவனைக் கொண்டாடின, மாநிலக் கால்பந்துப் பயிற்சி முகாமுக்கு எட்வின் தேர்வாகிவிட்டான் என்ற செய்தி வந்த மாலையில் எங்கள் தெருவே மேளம் அடித்துக்கொண்டு வந்தது, தோளில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு சுற்றினார்கள், அவன் கால் தரையில் படவே விடவில்லை, நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன், பார்க்கிறேன், தோள்மேல் ஆடியாடி வரும் அவன் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கூச்சம்தான் மிகுதி, அக்கா, சொல்லு, எறக்கச் சொல்லு, என்று கையை ஆட்டினான், நான் சிரித்தேன், அந்தச் சிரிப்பு அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் இறுதிப் போட்டி நெருங்க நெருங்கத் தோள் கொடுத்தவர்களே டீக்கடையில் குசுகுசுத்தார்கள், இனிமே அவன் பெரிய ஆளு, முகாமுக்குக் காலைப் பத்திரப்படுத்துறான், நம்ம ஃபைனலு அவனுக்கு ஒரு ஆட்டமா, என்று. ஆகவே அவன் விழுந்தபோது விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லை, தாங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்ப்பைப் பார்த்தார்கள். வேலியைத் தாண்டி முதலில் குதித்தவர் தயாளன், ரசிகர் படையின் தலைவர், எங்கள் வட்டாரத்தின் பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் சாவுக்கும் சுவரொட்டி அடித்துத் தருபவர், எய்ந்திரு நைனா, ஊரு பாக்குது, மானத்த வாங்காத, என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், அண்ணா, உள்ள இன்னாவோ ஆயிடுச்சிண்ணா, கால் என்னுது மாதிரியே இல்லண்ணா, என்று தம்பி கெஞ்சினான், கால் உன்னுதுதான் நைனா, மேட்ச்சு எங்களுது, என்றார் தயாளன், அந்த வாசகத்தை நான் மறக்கமாட்டேன், அடிமைச் சாசனம்கூட இத்தனை சுருக்கமாக எழுதப்பட்டதில்லை. மருந்தைப் பீய்ச்சினார்கள், துணியை இறுக்கிக் கட்டினார்கள், நிற்க வைத்தார்கள், அவனும் நின்றான், நின்று தொலைத்தான், பந்து வந்தது, ஓடினான், மறுபடியும் திரும்பினான், ஈரத்துணியை ஓங்கி உதறினாற்போல் ஒரு சத்தம் வேலிக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது, அதன்பிறகு அவன் அலறவில்லை, அணி தோற்றது, கோப்பை அடுத்த பேட்டைக்குப் போயிற்று.

ஆட்டோவில் என் மடிமேல் அவன் தலை, தலையா, இல்லை அது பந்தா, கனவில் எனக்கு அது எப்போதும் பந்தாகவே இருக்கிறது, தைத்த தோல், உள்ளே காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, நான் இரு கைகளாலும் பொத்துகிறேன், விழித்தால் ஆஸ்பத்திரி விளக்கு, மருத்துவர் படத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், ஜவ்வு முழுசா அறுந்துடுச்சும்மா, முதல் தடவை விழுந்தப்பவே உக்கார வச்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது, ஏம்மா ஆட விட்டீங்க, என்று என்னைக் கேட்கிறார், நான் என்ன சொல்வேன், ஒரு பேட்டையே விட்டது ஐயா என்றா. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோ மேடம் எனக்கும் அம்மாவுக்கும் செய்து காட்டினார், ரெண்டு பேரு வேணும், ஒருத்தர் இடுப்பை அசையாம பிடிக்கணும், ஒருத்தர் முட்டியை மடக்கணும், கத்துவான், கத்தட்டும், பாவம் பாத்து விட்டீங்கன்னா முட்டி கட்டையாயிடும், அப்புறம் ஆட்டம் கிடக்கட்டும், பஸ் ஏற முடியாது, இந்த மாசம்தான் கணக்கு, என்று. அம்மா இடுப்பைப் பிடித்தாள், நான் மடக்கினேன், அவன் தலையணையைக் கடித்தான், துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் நாளுக்கு நாள் சற்றுச் சற்றாக அந்த முட்டி இணங்கி வந்தது, வலி அடங்கிய நேரங்களில் கேலியும் வந்தது, யக்கா, உன்னக் கட்டிக்கப் போறவன நெனச்சாத்தான் பாவமா கீது, இந்தப் புடி புடிச்சா ஒரே நாள்ல சாமியாராப் பூடுவான், என்பான், அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அவன் சிரிப்பான், மடங்கிக்கொண்டிருந்தது, தோழர்களே, அந்த முட்டி மடங்கிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த விடியல், அம்மா வழக்கம்போல் காசிமேட்டுக்கு இறால் உரிக்கக் கிளம்பினாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது, படம் தெரியும், ரேஷன் கடைச் சுவரில் கறுப்புக் கட்டத்துக்குள் மகன் சிரிக்கிறான், இருபுறமும் குத்துவிளக்கு எரிகிறது, சற்றுமுன் தன் கையால் டீ கொடுத்துவிட்டு வந்த மகன், கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அவன் மூக்கின்கீழ் விரலை வைத்தாள், மூச்சு வருகிறது, மறுபடியும் வைத்தாள், இன்னாம்மா, இன்னா ஆச்சி, என்று அவன் கேட்கக் கேட்க விரலை எடுக்கவே இல்லை. நான் போய்ப் படித்தேன், கண்ணீர் அஞ்சலி என்று மேலே கொட்டை எழுத்து, நடுவில் முகாமுக்குத் தேர்வான நாளில் தயாளனே எடுத்த படம், கீழே எறும்பளவு எழுத்தில், எங்கள் கோப்பைக் கனவைச் சுமந்த எட்வினின் வலது முட்டி அகால மரணமடைந்தது, இறுதி ஊர்வலம் மாநில முகாம் வாசல்வரை, ஆறாத்துயருடன் விடிவெள்ளி ரசிகர் படை. தயாளனின் கடையில் போய் நின்றேன், கணினித் திரையில் வேறொரு கிழவரின் படத்துக்குப் பூமாலை ஒட்டிக்கொண்டிருந்தார், தலையைத் திருப்பவில்லை, அட, தமாசும்மா, தோத்த கடுப்புல கீறான்ங்க பசங்க, இந்தச் சிரிப்பும் இல்லன்னா வூடு ஏறி அடிச்சிருப்பான்ங்க, நல்லதுக்குத்தான் பண்ணேன், என்றார், வாசலில் பைக்குகளின்மேல் சாய்ந்திருந்தவர்களில் ஒருவன், யக்கா, பதினாறாம் நாளு என்னிக்கி, பிரியாணி உண்டா, என்றான், கடையே குலுங்கியது.

கொடுமையின் உச்சம் பகலில் ரயிலேறி வந்தது, அந்தப் படம் எந்தக் கைப்பேசி வழியாகவோ கும்மிடிப்பூண்டியில் இருக்கும் எங்கள் தாய்மாமன் கைக்குப் போயிருக்கிறது, எறும்பெழுத்தை யார் படிப்பார்கள், கறுப்புக் கட்டமும் முகமும் போதாதா, தாய்மாமன் மாலை விழாமல் எங்கள் பக்கம் பிணம் எழும்பாது, ஆகவே ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆளுயர மாலையோடு மாமா முன்னே வர, தெருமுனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு அத்தை பின்னே வர, கதவு திறந்தால் மருமகன் பாயில் உட்கார்ந்திருக்கிறான், பாதி மடங்கிய முட்டி என் கைகளுக்குள் இருக்கிறது. அத்தையின் அழுகை பாதிச் சொல்லில் நின்றது, மாமா வாசற்படியில் உறைந்தார், சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது, உயிரோடிருப்பவன் கழுத்தில் போடவும் கூடாது, கீழே வைப்பதும் கேடு, அந்த நல்ல மனிதர் இரு கைகளிலும் மரணத்தை ஏந்திக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் நின்றார். வா மாமா, இன்னாத்துக்கு முழிக்கிற, என்றான் எட்வின், என் கைகளை விலக்கிவிட்டு வலது காலை நீட்டினான், செத்தது இதுதான மாமா, இதுக்கே போட்டுடு, போடு மாமா, ஊரே அஞ்சலி போட்ச்சி, நீ போடாட்டி எப்டி, என்று சிரித்தான், அது என் தம்பியின் சிரிப்பன்று, மைதானத்தில் கேட்ட அதே சிரிப்பு, அவன் வாய்க்குள் புகுந்து குடியேறியிருந்தது, அம்மா தன் வாயில் தானே அறைந்துகொண்டாள், மாமா குனிந்து அந்த மாலையை முட்டியின்மேல் வைத்தார்.

அன்றிலிருந்து அவன் மடக்க விடுவதில்லை, செத்த கால யார்னா மடக்குவாங்களாக்கா, என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான், முகாமிலிருந்து வந்த அழைப்புக்குப் பதில் சொல்லவில்லை, அம்மா இடுப்பைப் பிடிக்க உட்கார்கிறாள், அவன் முனகியதும் அவள் விரல்கள் தாமாக எழுந்து அவன் மூக்கடிக்குப் போய்விடுகின்றன, பிடி நழுவுகிறது, நான் ஒருத்தி, எனக்கு இரண்டே கைகள், கண்ணை மூடினால் எங்கள் ஒற்றை அறைக்குள் வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து விசில் அடிக்கிறார்கள், நடுவில் முட்டி, முட்டிக்குக் கண் இருக்கிறது, அது என்னையே பார்க்கிறது, விழித்தால் அது பாயில் கிடக்கிறது, கட்டைபோல், நேற்றைவிட இன்று விறைத்து, மாதம் முடிந்துகொண்டிருக்கிறது. அனுதாபம் வேண்டாம், அதையும் சுவரில் ஒட்டிவிடுவீர்கள், மன்னிப்பு வேண்டாம், அதைக் கேட்க அவனுக்கு நேரமில்லை, அந்தச் சுவரொட்டியை அடித்தவரே, ஒட்டியவரே, கைப்பேசியில் தள்ளிவிட்டவரே, பார்த்து உதட்டோரம் சிரித்துவிட்டு நடந்தவரே, உங்களுக்கும் கைகள் இருக்கின்றன, எழுந்து வாருங்கள், இன்றே வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பாயில் உட்காருங்கள், அவன் திட்டுவான், காறித் துப்புவான், துடைத்துக்கொண்டு உட்காருங்கள், ஒருவர் இடுப்பைப் பிடியுங்கள், ஒருவர் முட்டியை மடக்குங்கள், அவன் அலறுவான், முழுவதையும் கேளுங்கள், மடங்கும்வரை கையை எடுக்காதீர்கள்.