வெள்ளை ஈக்களைப் பார்க்கப் போன மழை நாள்

உளுந்துச் செடியை மஞ்சள் தேமல் நோயிலிருந்து காப்பாற்றுவதுதான் ஹபீபாவின் ஆராய்ச்சி. நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களை மும்பை டிராம்பேயில் ஆய்வுக்கூடத்தின் உள்ளே ஒரு வலைக்கூண்டில் கத்தரிச்செடிகளில் வளர்த்தாள். அவற்றைப் புதிய உளுந்து ரகங்கள்மேல் விட்டு, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பாள்.

அந்த ஜூலையில் இரண்டு நாள் விடாத மழை. பஸ்ஸும் ரயிலும் நின்றுவிட்டன. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கத்தரி வாடினால் ஈக்களும் செத்துவிடும். தாராவி வீட்டில் அவள் தவிப்பதைக் கண்ட கணவன் ஷாகுல் ஹமீது தன் தோல் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தான்.

"பூச்சிய ஒழிக்கத்தான படிச்செ? இப்ப அதக் காப்பாத்தப் போணுமாக்கும்?"

"அது இல்லன்னா எந்தச் செடி பொழைக்கும்னு எப்படித் தெரியும், மச்சான்?"

"அப்பம் கெளம்பு. நடந்தே போயிருவோம்."

முழங்கால் தண்ணீரில் மூன்று மணி நேரம் நடந்தார்கள். அவள் கையை அவன் விடவே இல்லை. ஆய்வுக்கூடத்துக்குள் போக அவனுக்கு அனுமதி கிடையாது. எதிரே பஸ் நிறுத்தத்தில் நனைந்தபடி காத்திருந்தான்.

உள்ளே செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அவள் தண்ணீர் ஊற்றி ஓர் இலையை மெல்லத் தொட்டாள். வெள்ளைப் பொடி போல ஈக்கள் எழும்பின.

வெளியே வந்தவளிடம், "உசிரோட இருக்கா?" என்று கேட்டான்.

தலையாட்டினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

செப்டம்பரில் அந்த ஈக்களை விட்ட உளுந்து வரிசைகளெல்லாம் மஞ்சளாகிப்போக, ஒரே ஒரு வரிசை பச்சையாக நின்றது. அவள் அனுப்பிய படத்தை ஷாகுல் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.